இரண்டரை மணி வரை

காலை பதினொன்று ஐந்துக்கு எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது. ஹைகோர்ட் வராந்தாவில் எங்கள் தலைக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம் இருந்ததால் நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் கீழே நின்று என் மகள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நின்னுடுச்சு! ரெண்டரை மணி வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க. அவங்க லாயரே ஜட்ஜ் முன்னாடி சொல்லிட்டார். ரோட்ல கிடக்கிற சாமானெல்லாம் உள்ள எடுத்து வச்சுக்கோங்க. குழந்தைங்களை வெயில்ல நிக்க வைக்காதீங்க."

மறுமுனையில் எழுந்த சத்தம் எனக்கே கேட்டது. பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சந்தோஷக் கூச்சல். நானும் சிரித்தேன். மகளின் கறுப்பு கவுன் ஒரு தோளிலிருந்து சரிந்திருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தேன். அவள் வக்கீலாகி நான்காவது வருடம். தனியாக நீதிபதி முன் எழுந்து நின்று, ஒரு இடிப்பை நிறுத்தியிருக்கிறாள். அந்த நிமிடம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

சாமானை உள்ளே எடுத்து வையுங்கள். அந்தச் சொற்கள் இப்போதும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகின்றன.

அன்று விடிந்தும் விடியாததுமாக அவளுக்குப் போன் வந்தது. ஈஜிபுராவைத் தாண்டி ராஜகாலுவே ஓரமாக ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. கன்னடத்தில் ராஜகாலுவே என்றால் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய பெரிய கால்வாய். இன்று அதில் ஓடுவது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. அந்த வரிசையில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கால்வாய் நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று ஒரு அரசுத் துறை சொல்கிறது. நிலம் யாருடையது என்பது பிறகு. முதலில் எங்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள், ஒரு நோட்டீஸாவது கொடுங்கள் என்பது அவர்கள் பக்கம். அதற்குத்தான் என் மகள் ரிட் மனு போட்டிருந்தாள். மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அதற்குள் விடியற்காலையில் இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. போலீஸ் வந்ததும் இடிப்போம் என்று சொல்லிவிட, எல்லோரும் சாமானைத் தெருவில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

போன் செய்தது கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டு அக்கா. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் துப்புரவு வேலை செய்பவர். மகள் அவரை அக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் வீட்டிலும் அவர் அக்காதான். மகள் தலைகூட வாராமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டு உடுப்பும் வெள்ளைதான் என்பதால், வெள்ளைச் சுடிதாரில் போனது ஒரு புண்ணியம். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன்.

"அப்பா, கோட்டு, கவுனு, பேண்டு எல்லாத்தையும் வீட்லயே விட்டுட்டேன். கோர்ட்டுக்கு எடுத்துட்டு வர முடியுமா?"

பேண்டு என்பது வக்கீல்கள் கழுத்தில் கட்டும் இரட்டை வெள்ளைப் பட்டை. அது இல்லாமல் எழுந்து பேசப்போன ஒருவரைப் பார்த்து நீதிபதி, "நீங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்று சொன்ன கதையை அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கோபத்தில் சொன்னதில்லையாம், கோர்ட்டில் அப்படிச் சொல்வது வழக்கமாம். உடுப்பு சரியாக இல்லாதவர் அங்கே ஆளே இல்லை.

நான் அத்திபெலேயில் ஹைட்ராலிக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கம்பெனி பஸ் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தவன், மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கொடியைப் பார்த்தேன். முந்தின நாள் துவைத்த பேண்டு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஆவி வந்தது. இன்னும் அழுத்தினேன்.

என் மனைவி நர்ஸ். பகல் டியூட்டிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"கருகற வாசனை வருது."

"ஓரமாத்தான். தெரியாது."

"ஜட்ஜு அதைப் பாப்பாரா, இவ பேசறதைக் கேப்பாரா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ஒழுங்காத் தேயுங்க. இந்தக் கேஸும் ஜெயிச்சா இன்னொரு தார் வாழைக்காய் வரும். போன கேஸ்காரங்க குடுத்த தாரையே நம்ம ஆஸ்டின் டவுன் பூரா குடுத்துத் தீக்க முடியலை."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் வாசலைத் தாண்டும்போது திரும்பி, "அவ கூடவே இருங்க" என்றாள்.

மகள் சட்டம் படிக்கப் போனபோது நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த படம் வேறு. அவுட்டர் ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும் கார். அவளோடு படித்தவர்கள் பலருக்கு அதெல்லாம் கிடைத்தது. இவள் ஒரு மூத்த பெண் வக்கீலின் சேம்பரில் சேர்ந்தாள். மூன்று மேசை, ஒரு மின்விசிறி, கூரைவரை கேஸ் கட்டுகள். அங்கே அரசியல் சாசன வழக்குகளும் பொதுநல வழக்குகளும் மட்டும்தான். துப்புரவுத் தொழிலாளர்கள், பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை, காரணம் சொல்லாமல் பென்ஷன் நிறுத்தப்பட்ட கிழவர். எதிர்த்தரப்பு எப்போதும் அரசாங்கம்தான்.

எங்கள் தெருவில் கேட்பார்கள். "பொண்ணு என்னா கேஸ் பாக்குது? டைவர்ஸா, ப்ராப்பர்ட்டியா?"

"கவர்ன்மெண்ட் மேல கேஸ் போடற வேலை."

கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு, "உனுக்கு பயமா இல்லியாப்பா?" என்பார்.

பயம்தான். அவள் போனை எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடிப்பேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும்படி வைத்துக்கொண்டேன். வேலைக்கு நடுவே அதை எடுத்துப் பார்ப்பேன். புள்ளி சேம்பரில் இருந்தால் நிம்மதி. ஏதாவது போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் நின்றால், அது நகரும் வரைக்கும் என் கையிலிருக்கும் குழாயின் அளவு எனக்குப் பிடிபடாது.

"பாத்துக்கிட்டே இருக்காதீங்கப்பா, என் பேட்டரி போவுது" என்பாள். "நீங்க நெனைக்கிற மாதிரி சினிமா வேலை இல்ல இது. பாதி நாள் பேஜ் நம்பர் போடறேன். மார்ஜின் பத்தலைன்னு கோர்ட் ரெஜிஸ்ட்ரில திருப்பி அனுப்பறான். மறுபடியும் பிரிண்ட் எடுக்கறேன். இதுதான் கான்ஸ்டிட்யூஷன் லாயர்."

அதை நம்பவே எனக்கு விருப்பம். பேஜ் நம்பர் போடுகிற வேலையில் யாருக்கும் அடிபடாது.

விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பஸ்ஸிலிருந்து ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. சேம்பர் குமாஸ்தா ஒருவர் எனக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். மகளின் சுடிதார் ஓரத்தில் சேறு. அவளுடைய சீனியர் வேறொரு வழக்குக்காக டில்லி போயிருந்தார். தனியாக எழுந்து பேச வேண்டும். பேண்டின் கயிறு அவள் விரலுக்கு அகப்படவில்லை. பள்ளிக்கூட நாட்களில் டை கட்டிவிட்டதுபோல நானே பின்னால் நின்று முடிச்சுப் போட்டேன்.

"கருகியிருக்கு" என்றாள் குனிந்து பார்த்து.

"தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுதே."

அன்றைய வழக்குப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால், அவசரம் உள்ள வக்கீல்கள் வரிசையாக எழுந்து தங்கள் அவசரத்தை நீதிபதியிடம் சொல்லலாம். மென்ஷன் பண்ணுவது என்கிறார்கள். ஆளுக்கு நாலு வாக்கியம் கிடைத்தால் அதிகம். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். அவள் முறை வந்தது. இங்கிலீஷில் பேசினாள். வீட்டில் எங்களோடு சண்டை போடும்போது கேட்கும் குரல் அது இல்லை. மெதுவான, தட்டையான குரல். இயந்திரம் இப்போது அங்கே நிற்கிறது, நோட்டீஸ் தரவில்லை, மனு நிலுவையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

துறைக்காக யார் என்று நீதிபதி கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு, கறுப்புச் சாயம் பூசிய தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அவர் துறையின் வக்கீல். இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், மழைக்காலத்தில் ஊரே மூழ்குவதற்கு இவர்களைப் போன்றவர்கள்தான் காரணம் என்று சலிப்போடு சொன்னார். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன பேச்சு.

"உங்கள் வாதத்தை இரண்டரைக்குக் கேட்கிறேன்" என்றார் நீதிபதி. "அதுவரை அந்த வீடுகள் இருக்குமா?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டரை வரை எதுவும் செய்யமாட்டார்கள். நான் பொறுப்பு" என்றார்.

"பதிவு செய்கிறேன்."

முடிந்தது. காகிதம் எதுவும் யார் கைக்கும் வரவில்லை. எனக்கு அது விநோதமாக இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. பிற்பாடு மகள் விளக்கினாள். நீதிபதியின் கையெழுத்தோடு உத்தரவு வெளியே வர நேரம் பிடிக்கும். அதுவரை கோர்ட்டில் எழுந்து நின்று ஒரு வக்கீல் கொடுத்த வாக்கே உத்தரவு. அதைக் காப்பாற்றாத வக்கீல் மறுநாள் அந்த நீதிபதி முன் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. முழு வேலையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறதாம்.

நாங்கள் வெளியே வந்தோம். அவள் போனை எடுத்தாள். அவள் முதுகு கோர்ட் ஹால் கதவுப் பக்கம். என் முகம் அந்தப் பக்கம். துறையின் வக்கீலும் கையில் போனோடு கதவுவரை வந்ததைப் பார்த்தேன். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி அழுத்தினார். அதற்குள் உள்ளே அவருடைய இன்னொரு வழக்கைக் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார். பார்த்த எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. அர்த்தம் தெரிந்தவள் பார்க்கவில்லை.

கேன்டீனில் அவளுக்கு இட்லி வாங்கினேன். விடியற்காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பாதி இட்லியில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே அக்காவின் குரல் எனக்குக் கேட்டது.

"யம்மா, இடிக்கிறானுங்கம்மா! கடசி வூட்ட இடிச்சிட்டானுங்க! சாமான்லாம் உள்ள கீதும்மா, நீ சொன்னன்னு எல்லாம் உள்ள வச்சிட்டோம்மா!"

மகளின் முகத்தில் நான் அன்று பார்த்ததை எழுத எனக்கு வரவில்லை. எழுந்தாள். நடந்துகொண்டே, வேறு ஒரு கோர்ட் ஹாலில் இருந்த தன் தோழிக்குப் போன் செய்தாள். "துறையோட லாயர் உள்ளதான் இருப்பார். எந்தக் கேஸ்ல இருந்தாலும் பரவால்ல, கிட்டப் போய்ச் சொல்லு. மெஷின் ஓடுதுன்னு சொல்லு. அவ்ளோதான் சொல்லு."

நான் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கவுனைக் கழற்றவில்லை. அது என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே சொன்னாள்.

"எங்க சேம்பர்ல ஒரு பழக்கம்ப்பா. எதிர்த்தரப்பு லாயர் அவர் ஆளுங்ககிட்ட பேசறதைக் காதால கேட்டப்புறம்தான் நாம நம்ம ஆளுங்களுக்குப் போன் பண்ணணும். அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாது. சேந்த முதல் வாரத்துலயே சொல்லிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு மறந்துட்டேன்."

"பச்சை விழுந்துடுச்சும்மா" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரிசையின் கடைசி இரண்டு வீடுகள் இல்லை. ஓடும் செங்கல்லும் தகரமும் ஒரே குவியலாகக் கிடந்தன. அதன் நடுவே ஒரு பீரோவின் கதவு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த கண்ணாடி உடையவில்லை. மாவு டப்பா ஒன்று நசுங்கி, மண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. காலையில் இந்தச் சாமானெல்லாம் பத்திரமாகத் தெருவில் இருந்தவை. யாருக்கும் அடிபடவில்லை. அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

இயந்திரம் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் நின்றது. அக்காவின் வீடு. இயந்திரக் கையின் நுனியிலிருந்த மண்வாரி அந்தரத்தில் இருந்தது, எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. இந்த இயந்திரங்களின் குழாய்கள்தான் என் பிழைப்பு. மண்வாரியைத் தரையில் இறக்கி எஞ்சினை அணைத்தால்தான் அது நின்றதாக அர்த்தம். அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு உறுமினால், அடுத்த நொடி அது எங்கேயும் போகும்.

துறையின் இன்ஜினியர் இளைஞர். வெயிலுக்குத் தொப்பி, முகத்தில் சன்ஸ்கிரீன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அன்றைய வேலையை அன்றே முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு. மகள் கன்னடத்தில் பேசினாள். ஜட்ஜ் முன்னால் உங்கள் வக்கீலே வாக்குக் கொடுத்திருக்கிறார், அவருக்குப் போன் பண்ணிப் பாருங்கள் என்றாள்.

"ஆர்டர் காப்பி எல்லி, மேடம்?" என்றார். காப்பி எங்கே என்கிறார்.

"சாயங்காலம் வரும்."

"அப்போ சாயங்காலம் வாங்க."

"உங்க போன் எங்க சார்? உங்க லாயர் கூப்பிட்டிருப்பாரே?"

போன் ஜீப்பில் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டு. இடிக்கப் போகும் நாட்களில் எல்லோருடைய போனையும் அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். இல்லாவிட்டால் உள்ளூர் அரசியல்வாதிகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நிறுத்து என்பார்களாம். அதை ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

மகள் ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து, கோர்ட்டில் நடந்ததை எழுதி, வக்கீல் என்ற தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். எழுதியது பொய்யென்றால் அவளுடைய தொழிலே போய்விடும். இன்ஜினியர் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த சப்-இன்ஸ்பெக்டர், "மேடம், சைடுக்கு வந்துடுங்க. லேடி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டிருக்கேன். நீங்க படிச்சவங்க, நானு உங்களைத் தூக்கற மாதிரி வெச்சுக்காதீங்க" என்றார். மரியாதையான குரல்தான். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது அக்கா வந்தார். அழவில்லை. மகளுக்கு நேரே நின்றார்.

"அந்தக் கடசி வூட்டுக்காரி இன்னும் வேலையில கீறா. அவளுக்குத் தெரியாது. அவ பீரோவ நாங்க நாலு பேரு தூக்கி உள்ள வச்சோம். நீ சொல்லித்தான் வச்சோம். வெளியவே கெடந்திருந்தா பீரோவாச்சும் மிஞ்சியிருக்கும் இல்ல?"

மகள் இடிந்த குவியலைத் திரும்பிப் பார்த்தாள்.

"படிச்ச பொண்ணுன்னு நம்பினோம்" என்றார் அக்கா. "இன்னாத்த நம்பறது சொல்லு."

நான் நடுவே போகப் பார்த்தேன். அவள் விடியற்காலையிலிருந்து ஓடுகிறாள், பட்டினியாக இருக்கிறாள் என்றெல்லாம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குவியலில் கிடந்த பீரோக் கதவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மகள் அக்காவைத் தாண்டி நடந்தாள். இயந்திரத்தின் முன்பக்கமாகப் போய், மூன்றாவது வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சாமான்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. கேஸ் அடுப்புக்கும் மடித்து வைத்த பாய்க்கும் நடுவே, கவுனோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க வெளிய இருங்க" என்றாள் அங்கிருந்து.

அக்கா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்ஜினியர் ஆபரேட்டரிடம் ஏதோ கத்தினார். பக்கச் சுவரை மட்டும் எடு, பயந்து வெளியே வந்துவிடுவார்கள் என்று சொன்னதாகப் புரிந்தது. எஞ்சின் சத்தம் உயர்ந்தது. மண்வாரி அசைந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றைச் செங்கல் சுவர். பக்கச் சுவர் விழுந்தால் கூரை எங்கே இறங்கும் என்பது அந்த இன்ஜினியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் கிரேனை நிறுத்தச் சொல்லிக் காட்டுவதுபோல நான் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. ஆபரேட்டருக்கு என் பாஷை தெரியாது; அந்தச் சைகை தெரிந்திருந்தது. கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஏய், யாருய்யா நீ?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"உள்ள இருக்கறது என் பொண்ணு சார்."

அவர் என்னைத் தள்ளவில்லை. லேடி கான்ஸ்டபிள் வரட்டும் என்று ஒதுங்கி நின்றார். அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியாது. மண்வாரியின் பற்களில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் ஜீப் ஒன்று தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அவர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் காட்சி எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அவள் மேல் கேஸ் போடுவார்கள். அதோடு இந்த வேலை முடியும். இதற்குத்தான் நான் நான்கு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

ஜீப்பை முந்திக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவர் யாரோ குமாஸ்தா. பின்னால் உட்கார்ந்திருந்தவர் தலையில் ஹெல்மெட், கறுப்பு கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார், கழுத்தில் பேண்டு. சேற்றில் கால் வைத்து, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, மூச்சிரைக்க நடந்து வந்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்த பிறகே அது துறையின் வக்கீல் என்று தெரிந்தது.

இன்ஜினியர் முகம் மலர்ந்தது. "வாங்க சார், நல்ல வேளை வந்தீங்க. இவங்க..."

"போன் எங்கே?" கன்னடத்தில்தான் கேட்டார்.

"ஜீப்பில சார்."

"எடுத்து ஆன் பண்ணு. நான் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன்னு நீயே பாரு."

"சார், நீங்க நம்ம வக்கீல்..."

"ஆமா. அதனாலதான் கேஸை நடுவில விட்டுட்டு வந்திருக்கேன். வண்டியை நிறுத்து."

நிறுத்தியாச்சே என்பதுபோல இன்ஜினியர் கையைக் காட்டினார். நான் என்னையறியாமல், "சார், மண்வாரி கீழ இறங்கலை, எஞ்சின் ஓடுது" என்றேன். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஆபரேட்டரைப் பார்த்துத் தரையை விரலால் சுட்டினார். மண்வாரி மெல்ல இறங்கி மண்ணில் படிந்தது. எஞ்சின் அணைந்தது. அதற்குப் பிறகுதான் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் இடிந்த இரண்டு வீடுகளின் முன்னால் போய் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் யாரென்று அவர் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார். தமிழர்கள் நிறைந்த கண்டோன்மென்ட் பகுதியில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். நம் ஊர்த் தமிழில் பேசினார்.

"மேடம், எழுந்து வாங்க."

மகள் எழவில்லை. "சார், ரெண்டு வீடு போயிடுச்சு. நான் சொல்லித்தான் சாமானை உள்ள வச்சாங்க."

"நீங்க என் வார்த்தைய நம்பிச் சொன்னீங்க" என்றார் அவர். "ரெண்டரைக்குக் கேஸைக் கூப்பிட்டதும் நீங்க எந்திரிக்காதீங்க. ரெண்டு வீடு இடிஞ்சிருக்குன்னு ஜட்ஜ்கிட்ட மொதல்ல என் வாயால நான் சொல்லணும். அதுக்கப்புறம் உங்க கேஸை எதிர்த்துதான் பேசுவேன், அது என் வேலை. வாங்க, நேரமாவுது."